பிரிமியோவா, அலியனா, அக்சியோவா? வல்வெட்டித்துறை நண்பருக்குச் சொன்ன பதில்

"பிரிமியோ ஒண்டு பார்த்திருக்கிறன் மச்சான். எடுக்கலாமோ?"

வல்வெட்டித்துறையிலிருந்து நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. கப்பலில் பல வருடங்கள் உழைத்துவிட்டு ஊரோடு வந்து தங்கிவிட்டவர். அவரது தாயாருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரத்துக்கு மூன்று நாள் யாழ்ப்பாணம் போய்வர வேண்டும். போக 30, வர 30 கிலோமீற்றர் அளவு. வாடகை வாகனத்துக்குக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், சொந்தமாக ஒரு கார் வாங்க முடிவு செய்திருந்தார். கையில் சேமிப்பு இருந்தது. ஆனால் அவர் பார்த்து வைத்திருந்த பிரிமியோவுக்கு அது போதாது. மிச்சத்துக்கு லீசிங் போடலாம் என்று தரகர் சொல்லியிருக்கிறார்.

நான் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகத் தொழிலில் இருப்பவன். என் வாப்பா யாழ்ப்பாணத்தில் பழைய இரும்பும் உதிரிப்பாகமும் விற்றவர். நண்பரின் தகப்பனார் ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்றை வைத்து வாடகைக்கு ஓடியவர். அந்தக் காருக்கு வேண்டிய சாமான்களை வாப்பாவிடம்தான் வாங்குவார். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடையையும் சாமான்களையும் விட்டுவிட்டுப் புத்தளம் வந்தோம். கடை போனது, அந்தக் குடும்பத்தோடு இருந்த உறவு போகவில்லை. அதனால்தான் இன்றைக்கும் கார் என்றால் என்னிடம் கேட்கிறார்.

அவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. "ரெண்டு நாள் தா" என்றேன். இதே கேள்வியை அக்குறணையிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எனவே அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சந்தையைப் புரிந்துகொள்வோம்

வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. அதுவும் ஒரு நிபந்தனையோடு. பாவித்த கார் என்றால், உற்பத்தியாகி மூன்று வருடங்களுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையோடு இன்னொரு விடயத்தைச் சேர்த்துப் பாருங்கள். டொயோட்டா நிறுவனம் பிரிமியோ, அலியன் இரண்டின் உற்பத்தியையும் 2021 மார்ச்சில் முடித்துக்கொண்டது. ஹொண்டா கிரேஸ் 2020இல் நின்றது. நிசான் புளூபேர்ட் சில்பி 2012இலேயே முடிந்தது. அப்படியானால், இன்று நமது வீதிகளில் ஓடும் பிரிமியோக்கள்தான் இந்த நாட்டின் கடைசிப் பிரிமியோக்கள். இனி ஒன்றுகூட வராது. அக்சியோ மட்டும் 2025 வரை உற்பத்தியில் இருந்தது.

பத்து வருடம் ஓடிய பிரிமியோ ஒன்று ஒரு கோடி ரூபாயைச் சர்வசாதாரணமாகத் தாண்டி நிற்பதற்கு இதுதான் காரணம். அந்த விலையில் ஒரு பகுதி காருக்கு. இன்னொரு பகுதி பெயருக்கும் தட்டுப்பாட்டுக்கும். வாங்குபவர் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கல்யாண வீட்டு வாசலில் நிறுத்துவதற்குப் பெயர் உதவும். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு அது தேவையில்லை.

ஐந்து கார்கள், ஒரு ஒப்பீடு

பிரிமியோவும் அலியனும்: இவை இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 2007இல் வந்த தலைமுறையை எடுத்துக்கொண்டால், நமது நாட்டில் அதிகம் ஓடும் 1.5 லீற்றர் வகையில் இரண்டுக்கும் ஒரே இயந்திரம், ஒரே கியர்பெட்டி, ஒரே சஸ்பென்ஷன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரமும் ஒன்றுதான், 2.7 மீற்றர். முகம், விளக்குகள், பின்பக்கம், உள்ளே மர நிறப் பலகை போன்ற அலங்காரங்கள்தான் வேறு. பிரிமியோ சற்று வயதானவர்களின் ரசனைக்கும் அலியன் இளையவர்களின் ரசனைக்கும் என்று ஜப்பானில் வடிவமைத்தார்கள். ஒரே வருடத்து, ஒரே நிலையில் உள்ள இரண்டை அருகருகே வைத்தால் நமது சந்தையில் பிரிமியோவின் விலைதான் கூட இருக்கும். அந்த மேலதிகப் பணத்துக்கு இயந்திரத்தில் எதுவும் கூடுதலாகக் கிடைக்காது. விற்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பி வரும் என்பது உண்மை. ஆனால் விற்கும் எண்ணம் இல்லாதவருக்கு அது முடங்கிய பணம்.

அக்சியோ: 2012இல் வந்த அக்சியோ, விட்ஸ் போன்ற சிறிய கார்களின் அடித்தளத்தில் அமைந்தது. சக்கர இடைவெளி 2.6 மீற்றர். பிரிமியோவை விடப் பத்து சென்ரிமீற்றர் குறைவு. பின்னால் இருப்பவரின் முழங்காலுக்கு அந்தப் பத்து சென்ரிமீற்றர் தெரியும். 2013 ஓகஸ்டில் இதன் ஹைபிரிட் வகை வந்தது. பெற்றோல் செலவில் கெட்டிக்காரன், உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும், வாங்கவும் விற்கவும் ஆள் உண்டு. சொகுசு மட்டும் ஒரு படி குறைவு.

ஹொண்டா கிரேஸ்: 2014 டிசம்பரில் வந்தது. பெற்றோல் தாங்கியை முன் இருக்கைகளுக்குக் கீழே வைத்திருப்பதால், அக்சியோவின் அதே சக்கர இடைவெளியிலேயே உள்ளே நல்ல இடம் எடுத்திருக்கிறார்கள். ஓட்டத்தில் துடிப்பு, எரிபொருளில் சிக்கனம். ஆனால் இதன் ஹைபிரிட் வகையில் இரட்டை கிளட்ச் கொண்ட ஏழு கியர் பெட்டி இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அது சூடேறும் என்ற குறை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் இல்லை.

நிசான் புளூபேர்ட் சில்பி: 2005 முதல் 2012 வரை வந்தது. சக்கர இடைவெளி பிரிமியோவைப் போலவே 2.7 மீற்றர். 1.5 லீற்றர் வகையில் பழைய முறையிலான நான்கு கியர் ஓட்டோ பெட்டி. வேகம் குறைவு, பெற்றோல் சற்றுக் கூடக் குடிக்கும். ஆனால் இடமும் சொகுசும் தாராளம், விலை குறைவு. வாங்குவது சுலபம், விற்பதற்கு ஆள் தேட வேண்டும்.

கொரோலா 141: உலகச் சந்தைக்கான 141 கொரோலாவும் ஜப்பானிய 141 அக்சியோவும் ஒன்றல்ல. முன்னது 1.76 மீற்றர் அகலம். பின்னது 1.695 மீற்றர். "141" என்று மட்டும் சொல்லித் தரகர் விலை பேசினால் எது என்று முதலில் கேளுங்கள்.

அகலத்தைப் பற்றிச் சொன்னேன். பிரிமியோ, அலியன், அக்சியோ, கிரேஸ், சில்பி ஐந்துமே 1.695 மீற்றர் அகலம் கொண்டவை. இது தற்செயல் அல்ல. ஜப்பானில் சிறிய கார் என்ற வகையில் அடங்க வேண்டுமானால் அகலம் 1.7 மீற்றரைத் தாண்டக் கூடாது, நீளம் 4.7 மீற்றரைத் தாண்டக் கூடாது. அந்த ஒழுங்கைகளுக்காகச் செய்த அளவு நமது ஒழுங்கைகளுக்கும் பொருந்திவிட்டது. வல்வெட்டித்துறையில் இரு பக்கமும் மதில் எழும்பிய ஒழுங்கைக்குள் கார் திருப்பியவர்களுக்கு ஆறு சென்ரிமீற்றரின் பெறுமதி தெரியும்.

உப்புக் காற்றுக்கு முன்னால் எல்லாக் காரும் ஒன்றுதான்

நண்பரின் வீட்டிலிருந்து கடல் நடக்கும் தூரம். 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த அன்னபூரணிக் கப்பலைக் கட்டிய ஊர் அது. உப்பு இரும்பை என்ன செய்யும் என்று அந்த ஊருக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் படகின் இயந்திரத்தை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவும் அதே ஆட்கள், காரின் அடிப்பாகத்தை வருடக்கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை.

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். உப்பு சேரும்போது அந்த வேலை பல மடங்கு வேகமாகிறது. கடற்காற்றில் வரும் உப்பு காரின் மேற்பாகத்தை விட, கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் தங்குகிறது. கதவுகளின் கீழ் விளிம்பில் உள்ள நீர் வடியும் துளைகள், சக்கர வளைவின் உட்பக்கம், பிரேக் குழாய்கள், சஸ்பென்ஷன் பொருத்தப்பட்டிருக்கும் இடங்கள், மேலதிக ரயர் வைக்கும் குழி ஆகியவற்றைப் பாருங்கள். பெயின்ற் பளபளப்பாக இருக்கும்போதே இந்த இடங்கள் உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கும்.

இன்னொரு உப்பும் இருக்கிறது. ஜப்பானின் வடபகுதியில் பனிக்காலத்தில் வீதிகளில் உப்புத் தூவுவார்கள். அங்கே ஓடிய கார் இங்கே வரும்போதே அடியில் துருவோடு வரலாம். அப்படி வந்த ஒன்றைக் கடலோர ஊரில் கொண்டுபோய் விட்டால், நோய் உள்ளவரை மழையில் நிறுத்தியதற்குச் சமம்.

ஆகவே கடலோரத்தில் இருப்பவர் 2016ஆம் ஆண்டுக் காரா, 2012ஆம் ஆண்டுக் காரா என்று யோசிப்பதற்கு முன், எதன் அடிப்பாகம் சுத்தம் என்று பார்க்க வேண்டும். வாங்கியவுடன் அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை அடியில் தண்ணீர் பீச்சிக் கழுவ வேண்டும். கரையோரக் கிணறுகள் பல உவர். உவர் தண்ணீரால் கழுவினால் உப்பின் மேல் உப்புப் பூசிய கதைதான். நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில் கழுவுங்கள்.

ஹைபிரிட்டா, பெற்றோலா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நண்பரின் தேவை இப்படி. சிகிச்சைக்கு வாரம் 180 கிலோமீற்றர். வருடத்துக்கு 9,360. கொழும்புக்கு இரண்டு பயணம், மற்ற ஓட்டங்கள் எல்லாம் சேர்த்து 12,000 என்று வைத்துக்கொள்வோம்.

பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்றும், சாதாரணப் பெற்றோல் கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடுகிறது என்றும் கொள்வோம். 1,000 லீற்றர் தேவை. வருடச் செலவு 3 இலட்சம் ரூபாய். ஹைபிரிட் லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடினால் 600 லீற்றர். செலவு 1 இலட்சத்து 80 ஆயிரம். வருடத்துக்கு மிச்சம் 1 இலட்சத்து 20 ஆயிரம்.

இப்போது ஒரே வருடத்து இரண்டு அக்சியோக்களை எடுங்கள். ஹைபிரிட்டின் விலை 10 இலட்சம் கூட என்றால், அந்த 10 இலட்சத்தைப் பெற்றோலில் மீட்க எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். இடையில் ஹைபிரிட் பற்றரி மாற்ற வேண்டி வந்தால் கணக்கு இன்னும் நீளும். அதுவே வருடத்துக்கு 24,000 கிலோமீற்றர் ஓடுபவர் என்றால் நான்கு வருடத்துக்குச் சற்று அதிகம் போதும். வாடகைக்கு ஓடுபவருக்கும், புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே வாராவாரம் போய்வரும் நமது வியாபாரிகளுக்கும் ஹைபிரிட் பொருந்தும். பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடுபவருக்குப் பெரும்பாலும் பொருந்தாது. என் எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். நீங்கள் பார்க்கும் கார்களின் விலை வித்தியாசத்தை, உங்கள் வருட ஓட்டத்தில் மிச்சமாகும் பணத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் விடை, நீங்கள் காரை வைத்திருக்க நினைக்கும் வருடங்களை விடக் கூட என்றால் அந்த ஹைபிரிட் உங்களுக்கு இலாபமில்லை.

ஹைபிரிட் பக்கம் நிற்கும் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் எரிபொருள் வரிசைகளை நாம் மறக்கவில்லை. கியூஆர் முறை வந்தபோது ஆரம்பத்தில் கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். நண்பரின் ஓட்டத்துக்கு அதைப் பொருத்திப் பார்த்தோம். பெற்றோல் காரில் 240 கிலோமீற்றர். சிகிச்சைக்கு 180 போக மிச்சம் 60. ஹைபிரிட்டில் 400 கிலோமீற்றர். இரண்டிலும் தாயாரைக் கொண்டுபோய் வரலாம், ஆனால் ஒன்றில் மூச்சு முட்டும். இந்தப் பாதுகாப்புக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஹைபிரிட் எடுப்பதானால் ஒரு விடயம். அக்சியோ ஹைபிரிட்டின் பற்றரி பின் இருக்கைப் பக்கம் இருக்கிறது. காரின் உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்துத்தான் அது தன்னைக் குளிர்விக்கிறது. அந்தக் காற்றுத் துளை பின் இருக்கைக்கு அருகில் இருக்கும். அதன் மேல் பையோ துணியோ வைத்து மூடினாலும், உள்ளே தூசி அடைத்தாலும் பற்றரி வெந்துபோகும். வடக்கின் வெயிலிலும் புழுதியிலும் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, "ஹைபிரிட் சரியில்லை" என்று சொல்பவர்கள் பலர்.

ஏ40 சொல்லித்தந்தது

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அருந்தலாக இருந்தது. அப்போது கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நண்பரின் தகப்பனாரின் ஏ40 அந்தக் காலம் முழுக்க ஓடியது. நாங்கள் அப்போது புத்தளத்தில் இருந்தோம். வாப்பா தந்த சாமான் தீர்ந்த பிறகு, கடைசல் பட்டறையில் செய்து செய்து மாட்டினார்களாம்.

அது எப்படி முடிந்தது? ஏ40 இயந்திரத்தின் அழுத்த விகிதம் 7.2. அதாவது உள்ளே போகும் கலவையை ஏழில் ஒரு பங்காக மட்டுமே அழுத்தும். அவ்வளவு மென்மையான அழுத்தத்தில் தரம் குறைந்த எண்ணெயும் ஒருவாறு எரியும். பிரிமியோவின் 1.5 லீற்றர் இயந்திரத்தில் அது 10.5. அக்சியோ ஹைபிரிட்டில் 13க்கும் மேல். இவற்றுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் இயந்திரம் தட்டித் தட்டிச் செத்துவிடும். இன்றைய கார் சிக்கனமானது, சுத்தமானது. ஆனால் மன்னிக்கத் தெரியாதது.

இன்று யாரும் மண்ணெண்ணெய் ஊற்றப் போவதில்லை. ஆனால் அந்த ஏ40 தரும் பாடம் மாறவில்லை. கஷ்டமான நாளில், உங்கள் ஊரில் இருப்பவரே திருத்தக் கூடிய கார்தான் உங்களுக்கு நல்ல கார். ஆகவே காரைப் பார்க்கப் போவதற்கு முன், நண்பரை நெல்லியடியிலும் பருத்தித்துறையிலும் உள்ள கராஜ்களுக்குப் போகச் சொன்னேன். "இந்த ஐந்தில் எதை இங்கேயே திருத்துவீர்கள்? எதற்கு யாழ்ப்பாணம் போகச் சொல்வீர்கள்? எதற்குக் கொழும்பு போகச் சொல்வீர்கள்?" என்று கேட்கச் சொன்னேன். பிரிமியோ, அலியன், பெற்றோல் அக்சியோ மூன்றுக்கும் "இங்கேயே" என்றார்கள். மூன்றும் டொயோட்டாதான். சில்பிக்கும் இயந்திர வேலை செய்வோம், சாமான் மட்டும் தேட வேண்டும் என்றார்கள். கிரேஸின் கியர்பெட்டிக்கு ஒருவரும் கை நீட்டவில்லை.

என் கடை அனுபவமும் அதுதான். பஞ்சிகாவத்தையில் மாலையில் பஸ்ஸில் போட்டால் டொயோட்டா சாமான் காலையில் யாழ்ப்பாணத்தில் இருக்கும். சில சாமான்களுக்கு நாங்களே நாட்கணக்கில் தேட வேண்டியிருக்கும். சிகிச்சை நாளன்று கார் கராஜில் கிடந்தால், லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் என்பதில் என்ன ஆறுதல்?

கடனோடு வரும் கார்

அடுத்தது பணம். 40 இலட்சம் ரூபாயை வருடத்துக்கு 12 வீத வட்டியில் ஐந்து வருட லீசிங்காக எடுத்தால், மாதம் 89,000 ரூபாயளவு கட்ட வேண்டும். முடியும்போது கட்டிய மொத்தம் 53 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். வீதம் கூடினால் இதுவும் கூடும். லீசிங் உள்ளவரை முழுக் காப்புறுதியும் கட்டாயமாகக் கேட்பார்கள்.

நண்பரிடம் நான் கேட்டது இதுதான்: "அம்மாவின்ர மருந்துக்கும் பரிசோதனைக்கும் மாதம் எவ்வளவு போகுது? அதுக்கு மேல இந்த 89,000த்தையும் அஞ்சு வருசத்துக்குத் தாங்குவியா?" கொஞ்ச நேரம் பதில் வரவில்லை.

நமது வாசகர்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வட்டி ஹராம் என்பது நாம் அறிந்தது. ஆனால் "கார் இல்லாமல் முடியாது" என்று சொல்லி அதற்குள் இறங்குபவர்கள் நம்மில் குறைவில்லை. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கிமுறைக்கு இடம் வந்தது. 2011 முதல் அமானா வங்கி இயங்குகிறது. வேறு சில வங்கிகளிலும் தனிப்பிரிவுகள் உள்ளன. முராபஹா முறையில், நிறுவனம் காரை வாங்கி, இலாபத்தைச் சேர்த்து, மாறாத ஒரு விலைக்கு உங்களுக்குத் தவணையில் விற்கிறது. இஜாரா முறையில், கார் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்க, நீங்கள் வாடகை கட்டிப் பாவிக்கிறீர்கள்.

பெயரை மட்டும் பார்த்துக் கையொப்பமிட வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எனக்குக் கை மாற முன் கார் உண்மையில் உங்கள் உடைமையாகிறதா? தவணை பிந்தினால் அறவிடும் பணம் எங்கே போகிறது? மொத்தமாக நான் கட்டப்போகும் தொகை இன்றே எழுத்தில் தருவீர்களா? சந்தேகம் இருந்தால் அறிந்த ஓர் ஆலிமிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். அதற்கும் மேலே ஒன்று: ஹலாலான கடனும் கடன்தான். பெயருக்காக ஒரு படி பெரிய காரை வாங்கி, அதற்காக ஐந்து வருடம் நெஞ்சில் பாரம் சுமப்பதற்கு மார்க்கம் நம்மை அனுப்பவில்லை.

காரைப் பார்க்கப் போகும்போது

விற்பவர் காட்டும் இடத்தில் மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் கராஜ் பாஸைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு ஒருநாள் கூலி கொடுப்பது நட்டமல்ல. குளிர்ந்த நிலையில் இயந்திரத்தை இயக்குங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று யோசியுங்கள். கார் மேலே தூக்கப்பட்டு அடிப்பாகம் பார்க்கப்படாமல் விலை பேச வேண்டாம். ஸ்கேனர் பூட்டிப் பாருங்கள்.

ஜப்பானில் பாவித்து வந்த காருக்கு ஓக்ஷன் ஷீட் எனப்படும் ஏல அறிக்கை இருக்கும். அதில் கார் ஓடிய தூரம், தரப்புள்ளி, அடிபட்டுத் திருத்தப்பட்டதா என்ற விபரம் இருக்கும். தரப்புள்ளிக்குப் பதிலாக "ஆர்" என்ற எழுத்து இருந்தால் அது விபத்துக்குப் பின் திருத்திய கார். அறிக்கையில் உள்ள செசி இலக்கமும் காரில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். மீற்றரைக் குறைத்துக் காட்டுவது இங்கே புதிதல்ல. ஸ்டியரிங் வளையத்தின் தேய்மானமும் பிரேக் பெடலின் இறப்பரும் மீற்றரை விட உண்மை பேசும்.

பதிவுச் சான்றிதழில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீக்கப்படும் வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். உரிமை மாற்றாமல், கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது நமது ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. நாளைக்கு ஒரு விபத்து, ஒரு வழக்கு என்றால் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி நண்பரின் கதை

இரண்டு நாள் கழித்து நான் சொன்ன பதில் இது: "பிரிமியோவை விடு. லீசிங்கையும் விடு. உன்ர காசுக்குள்ள வாற, அடி சுத்தமான அலியன் ஒண்டைத் தேடு. கிடைக்காட்டில் பெற்றோல் அக்சியோ. வருசம் ரெண்டு பழசானாலும் பரவாயில்லை."

முதலில் பார்த்த அலியன் வெளியே கண்ணாடி மாதிரி இருந்ததாம். நெல்லியடி பாஸ் மேலதிக ரயரைத் தூக்கிவிட்டு விரலால் அழுத்தியபோது தகரம் உள்ளே போனதாம். திரும்பி வந்துவிட்டார்கள். மூன்றாவதாகப் பார்த்தது குருநாகலில். கடல் காணாத கார். அவர் முதலில் நினைத்திருந்ததை விட நான்கு வருடம் பழையது, நிறமும் அவருக்குப் பிடித்ததல்ல. கையிலிருந்த பணத்துக்குள் முடிந்தது. துருத்தடுப்புப் பூச்சுக்கும், நான்கு புதிய ரயருக்கும், கியர்பெட்டி எண்ணெய்க்கும் கொடுத்த பிறகும் தாயாரின் சிகிச்சைக்கென்று ஒதுக்கிய பணத்தில் கை வைக்கவில்லை.

போன மாதம் யாழ்ப்பாணம் போனபோது அந்தக் காரில்தான் என்னை ஏற்றிக்கொண்டு வல்வெட்டித்துறைக்குப் போனார். சிகிச்சை முடிந்து வந்த தாயார் பின் இருக்கையில் கால் நீட்டிச் சாய்ந்திருந்தார். "தம்பி, உங்கட வாப்பா இருந்திருந்தா இந்தக் காருக்கும் சாமான் தந்திருப்பார்" என்றார். நண்பர் சிரித்துக்கொண்டே, "இப்ப மகன் தாறான் அம்மா, ஆனா காசு கொஞ்சம் கூட எடுக்கிறான்" என்றார்.

நீங்களும் கார் வாங்கும் எண்ணத்தில் இருந்தால், தரகருக்குத் தொலைபேசி எடுப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். வருடத்துக்கு எத்தனை கிலோமீற்றர்? பின் இருக்கையில் யார் இருக்கப் போகிறார்கள்? என் ஊரில் எதைத் திருத்துவார்கள்? கடன் இல்லாமல் என்னால் எவ்வளவு கொடுக்க முடியும்? இந்த நான்குக்கும் விடை எழுதிய பிறகு, எந்தக் கார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு விடைதான் மிஞ்சும். அது பிரிமியோவாக இருந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். இல்லையென்றால் அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. அல்லாஹ் நமது வாகனங்களில் பரக்கத்தையும் பாதுகாப்பையும் தருவானாக.